அறுபத்து மூன்று வாக்குத்தத்தங்கள்

ஈவ்லினின் நானூறு ஆங்கிலச் சொற்களும் மூன்று இனிப்புப் பெட்டிகளில் குடியிருந்தன. நன்றாகத் தெரிந்தவை ஒன்றில். அரைகுறையாகத் தெரிந்தவை ஒன்றில். எத்தனை முறை பார்த்தாலும் மண்டையில் ஏறாதவை மூன்றாவதில். மூன்றும் கேம்ப் ரோட்டுக் கடையில் வாங்கிய அரைக் கிலோ பெட்டிகள். மூன்றின் மூடியிலும் ஒரே மயில்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் ஆங்கிலச் சொல், மூலையில் எண். பின்பக்கம் தமிழில் பொருள். கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் நுழைவுத் தேர்வுக்கு வகுப்பெடுக்கும் ஏகநாதன் சார் வாரத்துக்கு இருபது சொற்கள் சொல்வார். புத்தகம் கிடையாது, பட்டியல் கிடையாது. பரீட்சை ஒருமுறைதான் வரும், அதனால் நானும் ஒருமுறைதான் சொல்வேன் என்பது அவர் கொள்கை. மற்ற பிள்ளைகள் போனில் ஏதோ செயலியை வைத்துப் படித்தார்கள். ஈவ்லினுக்குக் கையால் எழுதினால்தான் நிற்கும். எழுதியும் அறுபத்து மூன்று நிற்கவில்லை.

தேர்வு ஜனவரி கடைசி ஞாயிறு. அதில் தேறினால் வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பு. தேறாவிட்டால் அத்தை ஹெப்சிபாள் வணிகவியல் சொல்லித்தரும் பக்கத்துக் கல்லூரி. அத்தையின் ஸ்கூட்டரிலேயே போய் அத்தையின் ஸ்கூட்டரிலேயே திரும்பலாம் என்று வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஈவ்லினுக்கு அந்த வடக்கத்திக் கல்லூரியைப் பற்றி அதிகம் தெரியாது. அங்கே தன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது தெரியும். நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் "நம்ம செக்ரட்டரி பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டும்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது போதும் அவளுக்கு.

செக்ரட்டரி என்பது அவள் அப்பா ஜாய்சன். அலுவலகத்தில் காப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூரில் ஒரு மாடியில் கூடும் சிறிய சபைக்குச் செயலாளர். புத்தாண்டுக்கு வாக்குத்தத்த அட்டைகள் அடித்து வாங்குவது அவர் வேலை. சின்ன அட்டை, தங்க விளிம்பு, நடுவில் ஒரு வேத வசனம். ஜனவரி முதல் தேதி ஆளுக்கு ஒன்று பெட்டியிலிருந்து எடுப்பார்கள். எடுத்தது எதுவோ அது அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் அவருக்குத் தந்த வார்த்தை. பீரோவில் ஒட்டுவார்கள், மணிபர்ஸில் வைப்பார்கள். அச்சகத்தில் மிஞ்சும் வெற்று அட்டைகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். ஈவ்லினின் நானூறு சொற்களும் அந்த அட்டைகளில்தான் எழுதப்பட்டிருந்தன. அவள் கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். பள்ளியில் அதற்கு மூன்று முறை பரிசு வாங்கியிருக்கிறாள்.

அந்த வருடம் வசன அட்டைகளையும் அப்பா ஓர் இனிப்புப் பெட்டியில் போட்டு, ஈவ்லினின் பெட்டிகளோடு கட்டிலுக்கு அடியில் வைத்தார். அதன் மூடியிலும் மயில் இருந்தது.

ஊரெல்லாம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவில் ஆராதனை நடக்கும். இந்தச் சபையில் மட்டும் ஜனவரி முதல் தேதி காலை பத்து மணிக்கு. காரணம், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் யக்ஞநாராயணன். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். மாடியை விடும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை, ராத்திரி சத்தம் கூடாது. பகல் சத்தத்துக்கு அவர் தடை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று ஏறிவந்து கீபோர்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. அந்தப் படிக்கட்டில் சத்தமே இல்லாமல் ஏறத் தெரிந்தவள் ஈவ்லின் ஒருத்திதான்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் அப்பா பெட்டியைத் திறந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பார்த்து எடுத்தால் அது வாக்குத்தத்தம் ஆகாது. பிடித்திருப்பவரும் பார்க்கக் கூடாது. முதலில் எடுத்தவர் அருள்தாஸ், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரரோடு மதில் சுவருக்காகப் பதினோரு வருடமாக வழக்கு நடத்துகிறவர். மூன்று வருடம் பேசிப் பேசி அவரைச் சமாதானத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தார் பாஸ்டர் சாலமோன். ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

அருள்தாஸ் அட்டையைப் படித்தார். டெனேஷியஸ். திருப்பினார். பிடித்த பிடியை விடாத.

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஸ்தோத்திரம் பாஸ்டர். சுவர விடாதன்னு ஆண்டவரே சொல்லிட்டார்."

பாஸ்டர் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மைக் செத்துப்போனாலும் அதில் ஒரு செய்தி கண்டுபிடிக்கிறவர் அவர். ஒரு மூச்சு எடுக்கும் நேரம்தான் தயங்கினார். பிறகு, இந்த ஆண்டு ஆண்டவர் நம்மோடு ஒரே வார்த்தையில் பேசப் போகிறார் என்று அறிவித்தார். ஆமென் என்றது சபை. வரிசை நகர்ந்தது.

ஈவ்லின் ஒன்பதாவதாக நின்றாள். அருள்தாஸ் கையில் இருந்தது தன் கையெழுத்து என்று அங்கிருந்தே தெரிந்தது. 'அது என் அட்டை' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொற்கள். மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவது ஒத்திகையில் அவள் முறை வந்துவிட்டது. பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார். கையை உயர்த்திப் பெட்டிக்குள் விட்டு ஒன்றை எடுத்தாள்.

ரெடிசென்ட். மனத்தில் இருப்பதை வெளியே சொல்லாத.

அக்டோபர் மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே எழுதியது அது. எழுதியபோது பக்கத்தில் ஒரு தட்டு முறுக்கு இருந்ததுகூட நினைவிருந்தது. ஆனாலும் அட்டையைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மூடினாள். ஓசைப்படாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அறுபது பேர் எடுத்த பிறகு பாஸ்டர் எடுத்தார். கடைசியாக அப்பா பெட்டியைத் தாழ்த்தித் தனக்கு ஒன்று எடுத்தார். அப்போதுதான் அவர் அட்டையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அந்த நேரம் யக்ஞநாராயணன் படியேறி வந்து கீபோர்டைப் பற்றி ஆரம்பித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா பெட்டியை அவரிடம் நீட்டினார். அடியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. யக்ஞநாராயணன் எடுத்துப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார், வந்த விஷயத்தைச் சொல்லாமலே இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து ஈவ்லின் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் நூறு வேத வசனங்கள். போனது, மண்டையில் ஏறாத சொற்களின் பெட்டி.

மீதி அட்டைகளின் எண்களை வரிசையாக எழுதிக் கழித்துப் பார்த்தாள். எந்த எண்கள் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எந்தச் சொற்கள் இல்லை என்பது தெரியவில்லை. அவை நினைவுக்கு வருகிற சொற்களாக இருந்தால் அந்தப் பெட்டியில் இருந்திருக்காது. வகுப்பில் அவள் பேசுகிற ஒரே தோழி ஷர்மிளா, சிக்கன்குனியா வந்து படுத்ததால் ஈவ்லினின் அட்டைகளைத்தான் வாங்கி எழுதுவதாக இருந்தாள். ஏகநாதன் சார் ஒருமுறைதான் சொல்வார்.

அப்பா அலுவலக உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி மாறிப்போச்சாப்பா என்று கேட்டாள்.

அப்பா மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "மாறிப்போச்சான்னு கேட்டா, மாறாததுன்னு எதைச் சொல்றது? ஒரு வகையில பாத்தா பெட்டிங்கிறது வெறும் அட்டை. இன்னொரு வகையில பாத்தா அட்டைதான் பெட்டிக்குள்ள இருக்கு."

அவருடைய சட்டைப் பையிலிருந்து தங்க விளிம்பு எட்டிப் பார்த்தது. ஈவ்லின் மெல்ல இழுத்துப் படித்தாள். ஆப்ஃபஸ்கேட்: தெளிவாக இருப்பதைக் குழப்பிச் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

அம்மா தபீதாள் பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வருடமாக நாலரை மணிக்கு எழுந்து, நாளைய மாவை இன்றே ஆட்டி, அடுத்த வாரத்துப் புடவையை இந்த வாரமே தேய்த்து வைக்கிறவர். இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கும் அவர் படுத்திருந்தார். இட்லிக்கு மாவு இல்லை. பிறகு பார்க்கலாம் என்றார். அவர் எடுத்தது ப்ரோகிராஸ்டினேட்: செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடு. அது தன் பாடம் என்று ஈவ்லின் வாயெடுத்தாள். "எனக்குத் தெரியாதா, அது உன் எழுத்துதான்," என்றார் அம்மா, போர்வைக்குள்ளிருந்து. "இருபத்தாறு வருஷம் கழிச்சு ஆண்டவர் எனக்கு லீவு குடுத்திருக்கார். நீ நடுவுல வராத."

ஆக, சொந்த வீட்டில் மூன்று சொற்கள் கிடைத்தன. மீதி அறுபது, முப்பத்து நான்கு வீடுகளில் இருந்தன. திருப்பிக் கேட்பது நடக்காது. பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் போதும். அதற்கு முப்பத்து நான்கு வாசலில் நின்று முப்பத்து நான்கு அழைப்புமணிகளை அழுத்த வேண்டும். ஒரு கடையில் போய் ரப்பர் கேட்பதற்கே தெருவை இரண்டு சுற்று வருகிறவள் அவள்.

அத்தை ஹெப்சிபாள் எடுத்த சொல் நொமாடிக்: இடம் விட்டு இடம் அலைகிற. மூன்றாம் தேதியே கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஸ்கூட்டரோடு வந்து நின்றார். போக ஓர் இடம் வேண்டும், எதுவானாலும் சரி. யார் யாருக்கு என்ன வார்த்தை வந்தது என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று ஈவ்லின் முணுமுணுத்தாள். அத்தைக்கு அது போதும். வழியிலேயே ஒரு நீளமான நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் வாக்குத்தத்தப் பதிவேடு என்று எழுதி அவள் மடியில் போட்டார். யார் வாசலில் நின்றாலும் சபைப் பதிவேட்டுக்கு எழுத வந்திருக்கிறோம் என்று அத்தையே சொன்னார். இப்படியாக, எந்த ஸ்கூட்டருக்குப் பயந்து அவள் நானூறு அட்டை எழுதினாளோ அதே ஸ்கூட்டரின் பின்னால் ஈவ்லின் பதினைந்து நாள் ஊரைச் சுற்றினாள்.

பதிவேடு என்றதும் யாரும் சொல்லை மட்டும் காட்டி அனுப்பவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்து, சொல் எப்படி நிறைவேறி வருகிறது என்று விவரித்தார்கள். அருள்தாஸ் சமாதானப் பத்திரத்தைக் கிழித்துவிட்டுப் புது வக்கீல் பிடித்திருந்தார். காரின் பின்கண்ணாடி முழுக்க டெனேஷியஸ் என்று ஒட்டியிருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் மோகன்ராஜுக்குச் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காது. அவருக்கு வந்தது ஒம்னிவோரஸ். எல்லாவற்றையும் தின்கிற என்று பொருள் எழுதிய பக்கத்தை லேமினேட் செய்து சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். ஈவ்லின் எழுதிக்கொண்ட அரை மணியில் அவர் பாதிப் பலாப்பழத்தை முடித்தார். அவர் மனைவி சுவரையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீபோர்டு வாசிக்கும் ஸ்டெபினுக்கு வந்தது ககாஃபனி. காதைக் குடையும் சத்தக் குழப்பம். தன் வாசிப்பில் இத்தனை நாள் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவனுக்கே தோன்றிக்கொண்டிருந்ததாம். அது இன்னதென்று இப்போது தெரிந்துவிட்டது என்றான். ஸ்பீக்கர் இரண்டு புதிதாக வாங்கியிருந்தான்.

அங்காளம்மா சபையைச் சேர்ந்தவரே இல்லை. கானத்தூர் குப்பத்திலிருந்து கேம்ப் ரோட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். புத்தாண்டு கேக்குக்கும் அட்டைக்கும் மட்டும் வருடந்தோறும் வந்துவிடுவார். அவருக்குக் கிடைத்தது லாக்கோனிக், சுருக்கமாகப் பேசுகிற. அம்மாதான் படித்துக் காட்டியிருந்தார். அங்காளம்மா பேரம் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இப்போது ஒரு விலை சொன்னார். குறைத்துக் கேட்டால் மீனைத் துணியால் மூடினார். வாங்க வந்த பெண்கள் மிரண்டுபோய்ச் சொன்ன விலைக்கே வாங்கிப் போனார்கள். ஈவ்லின் அட்டையைக் கேட்டதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்து நீட்டினார். எப்படி இருக்கிறது என்று அத்தை கேட்டதற்கு, "கீது," என்றார்.

பாஸ்டர் சாலமோனுக்கு ஆம்பிவலென்ட். இரண்டு பக்கமும் மனம் இழுக்கிற. அட்டையைக் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அந்த ஞாயிறு பிரசங்கத்தில், பொறுமை உள்ளவன் பாக்கியவான் என்று அரை மணியும், ஒரு அளவுக்கு மேல் பொறுமையாக இருப்பது மடத்தனம் என்று அரை மணியும் பேசினார். எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று தெரியாமல் சபை கடைசியில் இரண்டு முறை சொன்னது.

பொங்கல் முடிவதற்குள் அறுபத்திரண்டு சொற்கள் நோட்டுக்கு வந்துவிட்டன. பாக்கி ஒன்று, யக்ஞநாராயணனிடம். அவர் இருவரையும் உட்காரவைத்து நல்ல காபி கொடுத்தார். அட்டையைக் கேட்டதும் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "அது எனக்கும் பெருமாளுக்கும் நடுவுல," என்றார் மெதுவாக. அத்தை எவ்வளவு மன்றாடியும் அசையவில்லை. ஆனால் ஆள் மாறியிருந்தார். புது ஸ்பீக்கர் இரண்டும் ஞாயிறு காலை அலறத் தொடங்கியதும் வழக்கம்போலப் படியேறி வந்தார். மேல்படியில் நின்றார். வாயைத் திறந்தார். பையைத் தொட்டார். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

விடுபட்டிருந்த எண் இருநூற்று ஐம்பத்தொன்று. அந்த அட்டையை எழுதும்போது நீலப் பேனா தீர்ந்து பச்சையில் முடித்தது ஈவ்லினுக்கு நினைவிருந்தது. சொல் நினைவில்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, பாஸ்டர் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். அடுத்த வாரம் சாட்சி ஆராதனை. எல்லாருடைய வாக்குத்தத்தமும் எப்படி நிறைவேறுகிறது என்று நம் செக்ரட்டரி மகள் பதிவேட்டிலிருந்து வாசிப்பாள். முடிவில் ஒரு பாட்டும் பாடுவாள்.

அடுத்த வாரம் அதே பத்து மணிக்குத் தேர்வு. ஈவ்லின் அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து, வாசிப்பது என்பதை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்து என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கமாட்டார் என்பது தெரிந்ததும் ஈவ்லின் எழுந்தாள். பர்ஸில் ரெடிசென்ட் அட்டை கனத்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அன்னிக்குப் பரீட்சை இருக்கு. அந்த அட்டையெல்லாம் என் அட்டை. படிக்கிறதுக்காக நான் எழுதி வச்சது. பெட்டி மாறிடுச்சு."

இனி எல்லாரும் அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து தன் மடியில் போடுவார்கள், மோகன்ராஜின் மனைவி முதலில் வருவார் என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் அசையவில்லை.

அருள்தாஸ்தான் எழுந்தார். "எழுதினது நீ, சரி. எடுத்தது நாங்க. யார் கையில எது வரணும்னு முடிவு பண்ணது நீயாம்மா?"

எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். நடந்தது தவறுதான் என்றார் பாஸ்டர். தவறில்லை என்றும் சொல்லலாம் என்றார். சபை முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதிக்கு ஆமென் சொன்னது. எழுதிய கை யாருடையது என்று தெரிந்ததும் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் வந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. படிக்க வேண்டியவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருடத்துக்கு இப்போதே ஒரு சொல் எழுதித் தரச் சொன்னார்கள். மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டார்கள். அங்காளம்மா கூடையோடு வந்து உட்கார்ந்தார்.

"இந்தா பாப்பா, இது வோணாம் எனக்கு. பேசாத வித்தா பத்து மணிக்கெல்லாம் மீன் தீந்து பூடுது. அப்பால வூட்டுக்குப் போயி இன்னா பண்றது? எம்மாந்நேரம் சொவரையே பாத்துகினு குந்தினு கீறது? வேற ஒண்ணு எழுதிக் குடு."

ஈவ்லின் முதல் பெட்டியிலிருந்து லோக்வேஷியஸ் எடுத்துக் கொடுத்தாள். வாய் ஓயாமல் பேசுகிற என்று பொருளையும் சொன்னாள். அங்காளம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

தேர்வு மையம் பொத்தேரியில். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனாள். அத்தை ஸ்கூட்டரில் முன்னாலேயே போய் வாசலில் நின்றார். ஆங்கிலப் பகுதியைத் திறந்ததும் ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதம் கண்ணைக் கட்டிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு முகத்தோடு வந்தன. டெனேஷியஸ் என்ற இடத்தில் அருள்தாஸ் மதில்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒம்னிவோரஸ் பலாச்சுளையைக் கடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சொல்லுக்கும் பொருளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சில சொற்கள் டீ கொடுக்காமல் விடமாட்டேன் என்றன.

முப்பத்தேழாவது கேள்வியில் நின்றாள். அக்வியெஸ். இதைத் தான் எழுதியிருக்கிறாள். நடுவில் வரும் 'க்யூ' எழுத்தின் வால் தொடங்கி, பச்சை மையில். அதுதான் இருநூற்று ஐம்பத்தொன்று. நோட்டில் இல்லாத சொல். நான்கு விடைகள் இருந்தன. உரக்க எதிர்ப்பது. வாய் திறக்காமல் ஒத்துப்போவது. திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது. வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது.

யாரிடம் இருக்கிறது இந்தச் சொல் என்று யோசித்தாள். கீழ்வீட்டுக்காரரிடம். அவர் என்ன செய்கிறார்? மேல்படி வரை வருகிறார். வாயைத் திறக்கிறார். பையைத் தொடுகிறார். மூடிக்கொண்டு போகிறார்.

இரண்டாவதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மே மாதம் முடிவு வந்தது. இடம் கிடைத்திருந்தது. கடைசி இடங்களில் ஒன்று. ஒரு கேள்வி தவறியிருந்தாலும் போயிருக்கும் என்று ஏகநாதன் சார் ஒரே ஒருமுறை சொன்னார். அம்மா இனிப்பு செய்யலாம் என்றார், பிறகு பார்க்கலாம் என்றார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, புத்தகங்களைக் கட்டும்போது ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் நடுவிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. எங்கே நிறுத்தினோம் என்ற அடையாளத்துக்கு எப்போதோ செருகியது. இருநூற்று ஐம்பத்தொன்று. அக்வியெஸ். வால் பச்சையில்.

அது பெட்டிக்குள் இருக்கவே இல்லை.

சபைக்குப் போகும் வழியில் யக்ஞநாராயணன் வீட்டு வாசலில் நின்றாள். அழைப்புமணியை ஒரே அழுத்தாக அழுத்தினாள். முப்பத்து நான்கு வீடுகளில் வந்த பழக்கம். அவர் வந்ததும் அட்டையைக் காட்டி, உங்ககிட்ட இருக்கிறதில என்னதான் எழுதியிருக்கு அங்கிள் என்று கேட்டாள்.

ஊருக்குப் போகிற பெண் என்பதால் அவர் மறுக்கவில்லை. பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். தங்க விளிம்பு. வேர்வையில் கொஞ்சம் மங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. திருப்பினாள். அந்தப் பக்கமும் இல்லை. அச்சகத்தில் மிஞ்சிய வெற்று அட்டை, எழுதிய அட்டைகளோடு கலந்துவிட்டிருக்கிறது.

"ஒரு வாரம் யோசிச்சேன்," என்றார் அவர். "எல்லாருக்கும் ஏதோ சொல்லியிருக்கு. நமக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. சரி, நாமளும் ஒண்ணும் சொல்லாம இருந்து பாப்போமேன்னு."

தவறான அட்டையை நினைத்துச் சரியான விடையைக் குறித்திருக்கிறோம் என்று ஈவ்லின் அவரிடம் சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள். "நான் ஏதாவது எழுதித் தரட்டுமா அங்கிள்?"

அவர் அட்டையைச் சட்டென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வேண்டாம்மா. எழுதிட்டா அப்புறம் அதன்படி நடக்கணும்."

மேலே ஸ்டெபின் ஆரம்பித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி லேசாக ஆடியது. யக்ஞநாராயணன் கூரையைப் பார்த்தார். கண்ணை மூடினார். கை பைக்குப் போனது.

ஈவ்லின் படியேறிப் போனாள். ஸ்டெபினின் அருகில் நின்று, அவன் நிறுத்தும்வரை காத்திருந்து, பர்ஸிலிருந்து ரெடிசென்ட் அட்டையை எடுத்து நீட்டினாள். மாத்திக்கலாமாண்ணா என்று கேட்டாள். எழுதிய கையே வந்து கேட்டதால் அவன் காரணம் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிப் பொருளைப் படித்தான். பிறகு ஒரு ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினான். மற்றதைக் குறைத்தான். தன் ககாஃபனி அட்டையைக் கீபோர்டிலிருந்து உரித்து, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிவிட்டு, அவளிடம் கொடுத்தான்.

ஈவ்லின் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இரும்புப் படிக்கட்டு அவள் காலடியில் முதல்முறையாகத் தடதடவென்று அதிர்ந்தது. கீழே யக்ஞநாராயணன் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பையைத் தொட்டார். மூடிக்கொண்டார்.